இருபத்திமூன்றுக்குக் கீழே

செப்டம்பர் 3

பெனிட்டா சொன்னதால் எழுத ஆரம்பிக்கிறேன். பெனிட்டா ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண். "என்ன சாப்பிட்டீங்க, மனசு எப்படி இருந்துச்சுன்னு தினம் ரெண்டு வரி எழுதுங்கக்கா. எங்கிட்டகூடக் காட்ட வேணாம்" என்றாள். வீட்டில் ஏதோ உரக் கம்பெனி கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் ராஜாங்கத்துக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. ஆயுசில் ஒரு சொட்டுக் குடித்தது கிடையாது. தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. "குடிக்காமயா ஈரல் போகும்?" என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை வந்து, வருஷக்கணக்கில் உள்ளேயே புண்ணாகிச் சுருங்கிப்போனது என்கிறார் டாக்டர். அண்ணன் குண்டுகூட இல்லை. கையும் காலும் குச்சிதான், முன்பக்கம் மட்டும் தொப்பை. அதை எல்லோரும் "குடும்பஸ்தன் தொப்பை" என்று தட்டிக் கொடுத்து வளர்த்தோம்.

இப்போது வேறு கல்லீரல் வைக்க வேண்டும். மதினி லோகமணியின் ரத்தம் சேரவில்லை. அவர்கள் மகன் பத்தாவதுதான் படிக்கிறான். மிச்சம் இருப்பது கூடப்பிறந்த நான் ஒருத்தி. பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் மீதி வளர்ந்துவிடுமாம். வளரட்டும்.

நேற்றே போனில் என் எடையையும் உயரத்தையும் போட்டுப் பார்த்திருந்தேன். ஐம்பத்தாறரை கிலோ, நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர். உடல் எடைக் குறியீடு இருபத்திநாலு புள்ளி ஐந்து என்று வந்தது. பச்சைக் கட்டம், அதில் ஒரு சிரிக்கிற மூஞ்சி. இருபத்தைந்து வரை நார்மலாம். என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியனிடம் காட்டி, "இனிமே என்னைய குண்டுன்னு சொல்லாதீக" என்று சண்டைகூடப் போட்டேன்.

இன்று பெனிட்டா அந்தச் சிரிப்பை அழித்துவிட்டாள். "அக்கா, அது வெள்ளைக்காரங்க உடம்ப வச்சுப் போட்ட கோடு. நம்ம ஆளுகளுக்கு சதை கம்மி, கொழுப்பு ஜாஸ்தி. அதுவும் நேரா வயித்துல போயி உக்காந்துக்கும். அதனால நமக்கு இருபத்திமூணுலயே உஷாராயிடணும். இருபத்தஞ்சு வந்துட்டா அதுவே நமக்கு உடல்பருமன்." இடுப்பைச் சுற்றி டேப்பை வைத்தாள். பெண்களுக்கு எண்பது சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு எண்பத்தெட்டு. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தும் அவ்வளவுதான்.

ஸ்கேனில் என் கல்லீரலிலும் கொழுப்பு. இப்படியே இருந்தால் எடுக்க மாட்டார்கள். டாக்டர் ஆறு வாரம் கொடுத்திருக்கிறார். ஐம்பத்திமூன்று கிலோவுக்கு இறங்கினால் இருபத்திமூன்றுக்குக் கீழே போகும், உள்ளே இருக்கிற கொழுப்பும் இறங்கும். அண்ணன் அதுவரை தாங்குவான் என்கிறார்.

"பயமா இருக்காக்கா?" என்று கேட்டாள் பெனிட்டா. எனக்கென்ன பயம்.

செப்டம்பர் 5

காலை: ஓட்ஸ் கஞ்சி. வாயில் வைக்க முடியவில்லை. மதியம்: வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து ஆபீசில் கீரை, ஒரு கரண்டி சோறு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் மதினி, கையில் நாலடுக்குக் கேரியர். என் மகள் சடங்குக்கு ஒரு முழம் ஜரிகைகூட இல்லாத சேலையை எடுத்து வந்த மதினி. அதிலிருந்து கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் முகம் பார்த்துக்கொள்வோம். இன்று ஆரப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, தெப்பக்குளம் வரை கேரியரோடு வந்திருக்கிறார்.

"ஈரலக் குடுக்கப்போறவ வெறும் வயித்தோட கெடக்கலாமா? ஆட்டுக்கால் சூப்பு வச்சேன். நெய்ச்சோறு, கோழி. தெம்பு வேணாமா தாயி?"

"மதினி, என்னைய எளைக்கச் சொல்லியிருக்காக."

"அவுக சொல்லுவாக. எளைச்ச உடம்ப அறுத்தா தாங்குமா? நீ சாப்பிடு. நான் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

தட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். கண்ணில் தண்ணீர். என்ன செய்வது? புருஷன் உயிரை என்னிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் சோறு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டேன்.

செப்டம்பர் 6

மதினி. மீன் குழம்பு, பொரிச்ச மீன், ரவா கேசரி.

செப்டம்பர் 9

மதினி தினமும் வருகிறார். வீட்டுக்காரர், "யாருக்காச்சும் உடம்பு முடியாமப் போனாத்தான் உங்க வீட்டுல நம்மள மதிப்பாக போலருக்கே" என்று சொல்லிக்கொண்டே கோழிக் காலைக் கடிக்கிறார்.

இன்று பீரோவைச் சுத்தம் செய்தேன். மகளின் சர்டிபிகேட்டுகளை ஒரு கவரில் போட்டு மேலே அவள் பேரை எழுதினேன். கேஸ் புக் பண்ணுவது எப்படி, மோட்டார் ஓடாவிட்டால் யாருக்குப் போன் பண்ணுவது எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "எதுக்கும்மா இப்ப?" என்றாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா?

செப்டம்பர் 14

அண்ணனைப் பார்க்கப் போனேன். கண் முழுக்க மஞ்சள். வயிற்றில் தண்ணீர் கோத்து வேட்டி நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும், "என்னடி, டயட்டெல்லாம் பலமாமே?" என்று சிரித்தான். பேச்சு குழறுகிறது. மதினி இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தட்டு நிறைய பணியாரம் கொண்டுவந்து வைத்தார். அவன் அதைத் தொடக் கூடாது. அவன் பங்கையும் என் பக்கம் தள்ளினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் போனை நோண்டினேன். கல்லீரல் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேர் இறந்துபோகிறார்கள் என்று டாக்டரே முதல் நாள் சொன்னதுதான். கொஞ்சம்தானே என்று அன்றைக்குத் தலையாட்டினேன். அந்த இரண்டு மூன்று பேருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். வீட்டில் மோட்டார் போடத் தெரியாத ஒரு பெண் இருந்திருக்கும்.

சும்மா தோன்றியது. எழுதினேன்.

செப்டம்பர் 17

மதினி வரவில்லை, சொந்தத்தில் ஒரு துக்கம். வீட்டுக்காரருக்குப் பரோட்டா சாப்பிட வேண்டும்போல் இருந்தது என்று வாங்கி வரச் சொன்னேன். அவர் ஒன்று சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். மிச்சத்தை வீணாக்க முடியுமா?

செப்டம்பர் 24

எடை பார்த்தார்கள். ஐம்பத்தேழு புள்ளி இரண்டு. குறையவில்லை, ஏறியிருக்கிறது.

பெனிட்டாவின் முகம் வாடிவிட்டது. "என்னக்கா சாப்பிடுறீங்க?" என்றாள். மதினியின் கேரியர் கதையைச் சொன்னேன். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, ஒன்றையும் மறைக்கவில்லை. பரோட்டாவை மட்டும் சொல்லவில்லை. அது ஒருநாள் சமாச்சாரம்.

அவள் அங்கேயே மதினிக்குப் போன் போட்டாள். "அம்மா, நீங்க போடுற நெய்யெல்லாம் உங்க வீட்டுக்காரருக்குப் போற ஈரல்லதாம்மா போய் ஒட்டிக்கும்." எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

செப்டம்பர் 25

மதினி வரவில்லை. சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. ஆபீசில் பொரி, கடலை, சுண்டல், கேசரி. எல்லோரும் சாப்பிடும்போது ஒருத்தி மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கேள்வி வரும். தலைமையாசிரியை வேறு, "இந்திராணி நல்லா பூசினாப்ல இருக்கே, எதுக்குக் கெடுத்துக்குற?" என்றார்.

அக்டோபர் 4

சனிக்கிழமை. மகள் டியூஷனில், வீட்டுக்காரர் வேலையில். மதியம் தனியாக இருந்தேன். கேரியர் வருவது நின்று ஒன்பது நாள் ஆகிறது. பிஸ்கட் டப்பா காலியாக இருக்கிறது. மகள் கேட்டால் எறும்பு வந்தது, கொட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

பசியே இல்லை. அதுதான் ஆச்சரியம்.

அக்டோபர் 9

இன்று ஒரு லேடி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். உறுப்பு கொடுக்கிற எல்லோரிடமும் இப்படிப் பேசுவார்களாம்.

"யாராச்சும் உங்கள வற்புறுத்தினாங்களா?"

"இல்லீங்க. எங்க அண்ணன்தானே."

"சரி. ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. எந்த நிமிஷம் வேணாம்னு தோணினாலும் எங்ககிட்ட சொல்லலாம். மருத்துவக் காரணத்தால முடியாதுன்னு மட்டும் வீட்டுல சொல்லிருவோம். நீங்க சொன்னது இந்த ரூமத் தாண்டாது."

"அப்பிடிக் கேக்குறவுக இருக்காகளா?"

"இருக்காங்கம்மா. தப்பே இல்ல."

பொதுவாகத்தான் கேட்டேன். கிளம்பும்போது கதவுப் பக்கம் போய், திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னேன். அவர் தலையாட்டினார். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

வெளியே வீட்டுக்காரர் கேட்டார், "என்ன சொன்னாக?"

"சத்தா சாப்பிடச் சொன்னாக" என்றேன்.

அக்டோபர் 17

நேற்று ஸ்கேன். இன்று எல்லோரையும் உட்காரவைத்து அந்த லேடி டாக்டரே சொன்னார். என் கல்லீரலில் கொழுப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. இந்த நிலையில் எடுப்பது எனக்கும் ஆபத்து, வைப்பது அண்ணனுக்கும் ஆபத்து. முடியாது. அண்ணன் பெயரைக் காத்திருப்பவர்கள் வரிசையில் பதிந்துவிட்டார்கள். எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மதினி தலையில் அடித்துக்கொண்டார். "சோத்தப் போட்டே எம்புருசனக் கொன்னுட்டேனே! எங்கையால ஆக்கிப் போட்டுக் கொன்னுட்டேனே!" வராண்டா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்காரர்தான் அவரைப் பிடித்து உட்காரவைத்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

எல்லோரும் கீழே போனதும் நான் மட்டும் திரும்பி டாக்டரின் அறைக்குப் போனேன். ரொம்ப நன்றி டாக்டர் என்றேன்.

அவர் நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. நான் உங்களுக்காகப் பொய் எதுவும் சொல்லலம்மா. நீங்க அன்னிக்கு சொன்னப்ப, அப்படித்தான் சொல்லணும்னு நெனச்சேன். ஆனா சொல்ல வேண்டிய அவசியமே வரல. நான் படிச்சது உங்க நிஜ ரிப்போர்ட்."

கம்ப்யூட்டரில் என் ஸ்கேனைக் காட்டினார். எனக்கு என்ன தெரியும்? சாம்பல் கலரில் ஏதோ இருந்தது. அப்புறம் அண்ணனுடைய பழைய ரிப்போர்ட் ஒன்றைத் திறந்தார். பதினாலு வருஷத்துக்கு முன்னால், வேறு எதற்கோ எடுத்தது. அதில் கடைசி வரியில் கல்லீரலில் லேசாகக் கொழுப்பு என்று போட்டிருக்கிறதாம். அப்போது அவனுக்கு உடல் எடைக் குறியீடு இருபத்திநாலு. நார்மல்தானே என்று யாரும் அந்த வரியைக் கண்டுகொள்ளவில்லை.

"இப்ப உங்களுக்கு இருக்கிறது அத விட ஜாஸ்தி" என்றார். "அண்ணன விடுங்க. உங்களுக்காகவாச்சும் குறைங்க."

மாத்திரைக் கடைப் பக்கம் வந்ததும் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 18

அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். மதினி மருந்து வாங்கப் போயிருந்தார்.

"டாக்டர் சொன்னாக" என்றான். "நல்லதாப் போச்சு இந்து. எனக்கு நிம்மதியாப் போச்சு."

"என்னண்ணே பேசுற?"

"ஊசியப் பாத்தே மயங்கி விழுவியே நீ. பள்ளிக்கூடத்துல தடுப்பூசி போட வந்தப்ப என் சட்டைக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நின்னவ. நான் எப்பிடி உன்னைய அறுக்கச் சொல்லுவேன்? கேக்கவும் முடியல, வேணாம்னு சொல்லவும் முடியல. உசுரு ஆசை, பாத்துக்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நீயாச்சும் ஒடம்பப் பாத்துக்க."

என் கையை எடுத்து அவன் நெஞ்சுமேல் வைத்துக்கொண்டான். விரலெல்லாம் வீங்கியிருந்தது. நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. பலகாரம் சுடவில்லை. மதினி மகனையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். குளித்து, மகனுக்கு ஒரு வாய் போட்டுவிட்டுத் திரும்பப் போக வேண்டும் என்றார். கையில் அதே கேரியர். திறந்தால் ஒரு அடுக்கில் அவித்த கொண்டைக்கடலை, இன்னொன்றில் வெள்ளரிக்காய், மற்ற இரண்டும் காலி.

"வெறுங்கையா வரத் தெரியல தாயி" என்றார்.

அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கேரியர் நின்ற பிறகும் நான் தின்றதை. பரோட்டாவை, பிஸ்கட்டை, ஆபீஸ் கேண்டீன் போண்டாவை, தெற்குவாசல் பேக்கரியை. இந்த டைரியில்கூட எழுதாததை எல்லாம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் எடை ஏறினால் இதிலிருந்து தப்பிக்கலாம் என்று உள்ளே ஒன்று கணக்குப் போட்டதைச் சொன்னேன். டாக்டரிடம் கதவுப் பக்கத்தில் சொன்னதையும் சொன்னேன். "என்னால முடியாதுங்க, எப்பிடியாச்சும் நீங்களே சொல்லிருங்க" என்றுதான் சொல்லியிருந்தேன்.

"உங்க சோறு இல்ல மதினி. நாந்தான். நான் பயந்துட்டேன்."

மதினி கத்துவார், அறைவார் என்று நினைத்தேன். வெள்ளரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மொத நாளே உங் கண்ணுல தெரிஞ்சுச்சு. நீ ஓடிப்போயிருவேன்னுதான் தினம் தினம் கேரியரத் தூக்கிட்டு ஓடியாந்தேன். எஞ்சோறு உன் வயித்துல கெடந்தா மாட்டேன்னு சொல்ல மாட்டேல்ல. எனக்கும் பயந்தான் இந்து. உன் பயத்துக்குக் கம்மியில்ல."

இரண்டு பேரும் அந்த வெள்ளரிக்காயைத் தின்றோம். வெளியே வெடிச் சத்தம் காதைக் கிழித்தது. அடுப்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதோம். அந்த ஜரிகை இல்லாத சேலையைப் பற்றியும் கேட்டுவிட்டேன். "அப்ப அம்புட்டுத்தான் இருந்துச்சு" என்றார்.

அக்டோபர் 22

நானே பெனிட்டாவிடம் போனேன். அண்ணனுக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று கேட்டேன். டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, "ஒரு மாசம் பாக்கலாம்ங்கிறாங்க. உறுதி சொல்ல முடியாதுக்கா" என்றாள். லேடி டாக்டர் என்னைத் திரும்பவும் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார். இந்தத் தடவை கதவுப் பக்கம் போய்த் திரும்பி வரவில்லை.

அக்டோபர் 29

காலை: இரண்டு இட்லி, சாம்பார். மதியம்: கீரை, அவித்த முட்டை, ஒரு கரண்டி சோறு. ராத்திரி: கொள்ளு, காய்கறி. எல்லாம் எழுதிவிட்டேன். விட்டுப்போனது எதுவும் இல்லை.

விடிந்ததும் மதினி பஸ் ஏறி வந்துவிடுகிறார். இரண்டு பேரும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். அவர் முன்னால் போய்க்கொண்டே, "வெரசா வா, ஓங் காலுல என்ன கல்லா கட்டியிருக்கு?" என்று விரட்டுகிறார். அப்புறம் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

நவம்பர் 6

பசி. மத்தியானம் பசியில் கை நடுங்கியது. இதற்கு முன்னால் எனக்கு நிஜமாகப் பசித்தது எப்போது என்றே ஞாபகம் இல்லை.

நவம்பர் 11

அண்ணனுக்கு நினைவு தப்பிவிட்டது. என்னை யாரென்று தெரியவில்லை. மதினியை அம்மா என்று கூப்பிட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. மதினி தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்து, "பட்டினி கெடக்கக் கூடாதுன்னு பெனிட்டா சொல்லிருக்குல்ல, சாப்பிடு" என்று மிரட்டினார். அளவாக வைத்திருந்தார். சாப்பிட்டேன்.

நவம்பர் 13

தெளிந்துவிட்டான். "என்னடி இப்பிடி எளைச்சுட்ட?" என்பதுதான் முதல் பேச்சு.

நவம்பர் 19

தலைமையாசிரியை தனியாகக் கூப்பிட்டு, "இந்திராணி, முகமெல்லாம் ஒட்டிப்போச்சே, சுகரா? வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். பூசினாற்போல இருந்தபோது ஒருவரும் டாக்டரைப் பார்க்கச் சொல்லவில்லை. இப்போது தெருவில் ஆளாளுக்கு டாக்டர் பெயர் சொல்கிறார்கள்.

நவம்பர் 26

ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு. இருபத்திமூன்றுக்குக் கீழே. பெனிட்டா கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, "நம்பர் வந்துருச்சு. ஆனா நம்பர் மட்டும் போதாதுக்கா, உள்ள பாக்கணும்" என்றாள். ஸ்கேனுக்குள் படுத்திருக்கும்போது, ஒரு நிமிஷம், கொழுப்பு இன்னும் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. இல்லை என்று பொய் எழுத மாட்டேன். அந்த ஒரு நிமிஷம் தோன்றியது.

நவம்பர் 27

இறங்கிவிட்டது. எடுக்கலாம் என்றார்கள்.

மதினி என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் வாசலில் வைத்து எனக்கும் கேரியருக்கும் சேர்த்துத் திருஷ்டி சுற்றிப் போட்டார்.

டிசம்பர் 3

நாளை காலை ஏழு மணிக்கு. அண்ணனுக்குப் பக்கத்து அறை. வீட்டுக்காரர் கேண்டீனில் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வராண்டாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கதவின் கண்ணாடியில் தெரிகிறது. மகள் மோட்டாரைத் தானே ஓடவைத்துவிட்டதாகப் போன் பண்ணினாள்.

இனி ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மதினி காலிக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

பெனிட்டா இரண்டு வரி எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்.

பசிக்கிறது. பயமாக இருக்கிறது.